பொதிகையில் ஒரு பெர்த்

ரயில் டிக்கெட்டில் பத்து இலக்கத்தில் ஒரு பிஎன்ஆர் எண் இருக்கும். சங்கரன்கோவிலில் ஏறிச் சென்னைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட் என்றால் அந்த எண் 4-லோ 5-லோ தொடங்கும். அதே டிக்கெட்டை டெல்லியில் இருக்கும் மகன் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் முதல் இலக்கம் மாறாது. டிக்கெட் எங்கே வாங்கப்பட்டது என்பதை அந்த இலக்கம் காட்டுவதில்லை. அந்த ரயிலின் கணக்கு எந்த ஊர்க் கணினியில் இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. 4-ம் 5-ம் சென்னை. 2-ம் 3-ம் டெல்லி. 1 செகந்தராபாத். கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் மற்றவை. இந்தியா முழுவதிலும் ஓடும் முன்பதிவு ரயில்களின் பெர்த்துகள் எல்லாம் இந்த ஐந்து ஊர்க் கணக்குகளுக்குள் அடங்கியிருக்கின்றன.

இந்த ஐந்தையும் சேர்த்துக் கட்டியிருக்கும் மென்பொருளை நாம் பார்த்ததே இல்லை. ஐஆர்சிடிசி செயலியைத் தெரியும், கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரைத் தெரியும். இரண்டுக்கும் பின்னால், கேட்பவருக்கும் கணக்குக்கும் நடுவில் நின்று செய்தியை வாங்கிக் கொடுக்கும் அடுக்கு ஒன்று இருக்கிறது. மிடில்வேர் என்பார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாக அது உழைத்திருக்கிறது. இப்போது அதையும் அதைத் தாங்கும் பழைய சர்வர்களையும் மாற்றும் வேலை தொடங்கியிருக்கிறது. தென்காசி மாவட்டத்தின் இந்தச் சிறிய ஊருக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. இங்கிருந்து சென்னைக்குப் பிழைக்கப் போனவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பொங்கல், தீபாவளி, ஆடித்தபசு என்று எல்லாருக்கும் ஊர் வந்து திரும்ப வேண்டும். அதற்குப் பொதிகைதான் முதல் நம்பிக்கை.

ஆடித்தபசுக் கூட்டம் வடிந்த பிறகு, ரயில் நிலைய முன்பதிவு கவுன்ட்டரில் ஓர் ஆச்சி படிவத்தை நீட்டுகிறார். எழுத்து பேத்தியுடையதாக இருக்க வேண்டும், பள்ளிக்கூடக் கையெழுத்து.

“ஐயா, கீழ் பெர்த்து கிடைக்குமாய்யா? நம்மால மேல ஏற முடியாது.”

“வயசு போட்டிருக்குல்லா ஆச்சி, அதுவே பார்த்துக் கொடுக்கும். கொஞ்சம் பொறுங்க.”

‘அதுவே பார்த்துக் கொடுக்கும்’ என்று ஊழியர் சொன்னதற்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது! அவர் விசையைத் தட்டியதும் அந்தக் கோரிக்கை சென்னைக்குப் போகிறது. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் இருக்கும் கணினி அதை வாங்குகிறது. ரயில் எண், தேதி, ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், வகுப்பு எல்லாம் சரிபார்க்கப்படுகின்றன. 45 வயது கடந்த பெண் என்பதால் கீழ் பெர்த் இருக்கிறதா என்று தேடப்படுகிறது. கிடைத்த பெர்த் வேறு எவர் கைக்கும் போகாமல் பூட்டப்படுகிறது. கட்டணம் கணக்கிடப்படுகிறது, பிஎன்ஆர் பிறக்கிறது, கணக்கில் எழுதப்படுகிறது, ‘எழுதியாயிற்று’ என்ற பதில் சங்கரன்கோவிலுக்குத் திரும்புகிறது. அதற்குப் பிறகுதான் அச்சு இயந்திரம் ஓடுகிறது. ஆச்சி முந்தியை அவிழ்த்துச் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அதே நொடியில் ஜம்முவில் இருக்கும் ராணுவ வீரர் ஒருவர் தன் அம்மாவுக்காக அதே பெர்த்தைக் கேட்டிருந்தால்? இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். இருவருக்கும் கிடைத்துவிட்டால் ராஜபாளையம் தாண்டுவதற்குள் பெட்டியில் சண்டை. இருவருக்கும் கிடைக்காமல் போனால் காலியாக ஓடும் பெர்த். இந்த இரண்டும் நடக்காமல் காப்பதுதான் நடு அடுக்கின் வேலை. அதை மாற்றப் போகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியதும் இதைத்தான்.

தந்தி இருந்த காலம்

கணினி வருவதற்கு முன் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு தேதிக்கும் கனத்த பதிவேடு இருந்தது. அந்தப் பதிவேடு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் இடம். நடுவில் உள்ள நிலையங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கீடு. திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டும் என்றால் தந்தி அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வந்தால் உண்டு. வராவிட்டால், போன ஊரில் இறங்கியதும் முதல் வேலையாகக் கவுன்ட்டருக்கு ஓட வேண்டும்.

1985-ல் டெல்லியில் முதல் கணினி முன்பதிவு தொடங்கியது. அரசு நிறுவனமாக இருந்த சிஎம்சி எழுதிக் கொடுத்த ‘இம்ப்ரெஸ்’ என்ற மென்பொருள், அமெரிக்காவின் டிஜிட்டல் நிறுவனம் செய்த வாக்ஸ் கணினிகளில் ஓடியது. வெளிநாட்டு வங்கிகளிலும் விமான நிறுவனங்களிலும் ஐபிஎம் மெயின்ஃப்ரேம்கள் பார்த்த வேலையை இங்கே வாக்ஸ் பார்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் என்று பரவியது. வரிசை குறைந்தது, பதிவேடு போனது. ஆனால் ஐந்தும் ஐந்து தீவுகளாகவே நின்றன. சென்னைக் கணினிக்குத் தெரிந்தது டெல்லிக் கணினிக்குத் தெரியாது. பதிவேட்டின் இடத்தில் கணினி வந்ததே தவிர, தந்தி தேவைப்பட்ட நிலை அப்படியே இருந்தது.

அந்தத் தீவுகளுக்குப் பாலம் போட்டது ‘கிரிஸ்’ என்ற ரயில்வே தகவல் அமைப்பு மையம். 1986-ல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. அங்கிருந்த பொறியாளர்கள் எழுதிய ‘கான்செர்ட்’ என்ற புதிய மென்பொருள் 1994-ல் செகந்தராபாத்தில் முதலில் ஓடியது. 1999-ல் ஐந்து மையங்களும் ஒரே வலைக்குள் வந்தன. எந்த ஊர்க் கவுன்ட்டரிலும் எந்த ஊருக்கும் டிக்கெட் எடுக்கலாம் என்பது அன்றைக்குத்தான் முழுதாக நிஜமானது. நம் நாட்டில் நம்மவர்கள் எழுதிய மென்பொருள்களில் இதற்கு இணையாக மக்கள் வாழ்க்கையைத் தொட்டது வேறு அதிகம் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஃபோர்ட்ரானிலும் சி-யிலும் எழுதியவர்களின் பெயர்கள்கூட நமக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

நடுவில் நிற்கும் ஆள்

கான்செர்ட்டின் முதுகெலும்பு, டிஜிட்டல் நிறுவனத்தின் ‘ரிலையபிள் டிரான்ஸாக்‌ஷன் ரவுட்டர்’ என்ற மிடில்வேர். சுருக்கமாக ஆர்டிஆர். மூன்று அடுக்குகளாக அது வேலை செய்கிறது. முன்னால் கவுன்ட்டர் பக்கம், பின்னால் கணக்கு இருக்கும் பக்கம், நடுவில் வழிகாட்டும் ரவுட்டர். முன்பக்கத்துக்குப் பின்பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. செய்தியின் உள்ளே இருக்கும் குறிப்பைப் பார்த்து, ‘இது சென்னைக்குப் போக வேண்டியது’ என்று ரவுட்டரே தீர்மானிக்கும்.

வழிகாட்டுவது சுலபமான பாதி. கடினமான பாதி, பாதி வழியில் ஏதாவது ஒன்று அறுந்தால் என்ன செய்வது என்பது. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை திரும்பி வராவிட்டால் கடிதம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரியாது அல்லவா? அதே நிலைதான். பெர்த் ஒதுக்கப்பட்டு, பதில் வரும் வழியில் லைன் போய்விட்டால் கவுன்ட்டர் ஊழியர் என்ன செய்வார்? மறுபடி அடித்தால் இரண்டு பெர்த் போய்விடும். அடிக்காமல் விட்டால் ஆச்சிக்கு ஒன்றும் இல்லை. ஆர்டிஆர் இதற்கு இரண்டு காரியம் செய்கிறது. ஒவ்வொரு கோரிக்கையையும் முதலில் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது, நடுவில் இயந்திரம் விழுந்து எழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர. இரண்டாவது, ஒரு பதிவில் சம்பந்தப்பட்ட எல்லாரிடமும் ‘தயாரா?’ என்று கேட்டு, எல்லாரும் ‘தயார்’ என்ற பிறகே ‘எழுது’ என்கிறது. ஒருவர் தயாரில்லை என்றாலும் எல்லாரும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. அரைகுறை கிடையாது.

இந்த உத்தரவாதம் எவ்வளவு பெரியது என்பது அது இல்லாத இடத்தில் புரியும். இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது ‘பணம் போச்சு, டிக்கெட் வரல’ என்று பதறாதவர் உண்டா? வங்கி ஒரு வீடு, முன்பதிவு அமைப்பு வேறு வீடு. இரண்டையும் ஒரே உத்தரவாதத்துக்குள் கட்டிப்போடும் நடு ஆள் அங்கே இல்லை. வங்கி பணத்தை எடுத்துவிடுகிறது. அந்தச் செய்தி ஐஆர்சிடிசிக்கு வந்து சேர்வதற்குள் நேரம் கடந்தோ, இடம் தீர்ந்தோ போகிறது. பிறகு இரு தரப்புக் கணக்குகளையும் ஒப்பிட்டுப் பணத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. பணம் வந்துவிடும். ஊருக்குப் போக நினைத்தவரின் பெர்த் வராது. 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி தளம் தொடங்கியபோது டிக்கெட் கூரியரில் வந்தது. இன்று முன்பதிவு டிக்கெட்டுகளில் பத்தில் எட்டுக்கும் மேல் இணைய வழியில்தான். உத்தரவாதம் உள்ள பழைய வழியை விட்டு, உத்தரவாதம் இல்லாத ஒரு பாலத்தைக் கடந்து வரும் வழிக்கு மக்கள் பெருமளவில் வந்துவிட்டார்கள். புதிய அமைப்பு எழுதுகிறவர்கள் இந்தப் பாலத்தில் கை வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பணம் வங்கியில் ‘ஒதுக்கி’ நிற்கட்டும், பெர்த் உறுதியானதும் எடுக்கப்படட்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே சொல்லட்டும்.

இயந்திரம் நின்ற கதை

இவ்வளவு நன்றாக வேலை செய்வதை ஏன் மாற்ற வேண்டும்? மென்பொருள் கெடவில்லை. அது நிற்கும் தரைதான் நழுவுகிறது. டிஜிட்டல் நிறுவனத்தை 1998-ல் காம்பாக் வாங்கியது. காம்பாக்கை 2002-ல் எச்பி எடுத்துக்கொண்டது. வாக்ஸ் போய் ஆல்ஃபா வந்தது, ஆல்ஃபா போய் இன்டெலின் இட்டானியம் வந்தது. இப்போதுள்ள முன்பதிவு அமைப்பு 2010-ல் நிறுவப்பட்டது என்றும், இட்டானியம் சர்வர்களிலும் ஓபன்விஎம்எஸ் இயங்குதளத்திலும் ஓடுகிறது என்றும் அரசே சொல்லியிருக்கிறது. அந்த இட்டானியத்தை இன்டெல் 2019-ல் கைவிடுவதாக அறிவித்து, 2021 ஜூலையோடு அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஓபன்விஎம்எஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. விஎம்எஸ் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் அதைச் சாதாரண சர்வர்களில் ஓடும்படி மாற்றி 2022-ல் வெளியிட்டது. ஆனால் அதைக் கையாளத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். தென்காசி, விருதுநகர் பொறியியல் கல்லூரிகளில் இருந்து வெளிவரும் பிள்ளைகளிடம் ஓபன்விஎம்எஸ் என்றால் முழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இன்னொரு காரணம் காலை நேரத்து முட்டல். 2014-ல் ஐஆர்சிடிசியின் புதிய தளம் வந்தபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்தது 7,200 ஆனது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானது. அடுத்த மாதம் ரயில்வே அமைச்சகம் சொன்ன கணக்கின்படி, அப்போதைய கொள்ளளவு நிமிடத்துக்கு சுமார் 32,000. அதாவது சுவர் வரைக்கும் போய் முட்டியாயிற்று. புதிய அமைப்பு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட்டையும், அப்போதைய 4 லட்சத்துக்குப் பதிலாக 40 லட்சம் விசாரணைகளையும் தாங்கும் என்றது அமைச்சகம். பல மொழிகளில் இயங்கும், விருப்பமான இருக்கையைச் சொல்லலாம், கட்டண நாட்காட்டி பார்க்கலாம் என்ற வாக்குறுதிகளும் வந்தன. இதற்கென ஒப்புதல் தரப்பட்ட தொகை சுமார் 182 கோடி ரூபாய். நாடு முழுவதும் பயன்படும் ஒன்றுக்கு இது பெரிய செலவே இல்லை.

நிமிடக் கணக்கைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சர்வர்களை எத்தனை மடங்கு கூட்டினாலும் பொதிகையில் ஒரு ஸ்லீப்பர் பெட்டிக்கு 72 அல்லது 80 பெர்த்துதான். காலை 11 மணிக்கு ஏசி அல்லாத வகுப்புகளுக்குத் தட்கல் திறக்கும்போது ஆயிரக்கணக்கானோர் ஒரே ரயிலின் ஒரே பக்கத்தில் வந்து விழுகிறார்கள். அந்த ஒரு ரயிலின் கணக்கை ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பெர்த் இருவருக்குப் போய்விடும். கிளவுட் என்றாலும் இந்த விதி மாறாது. வேகம் கூடினால் நடப்பது, இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது இருபது நொடியில் தீர்வதுதான். சங்கரன்கோவில் கவுன்ட்டரில் படிவத்தோடு நிற்பவருக்கு அந்த இருபது நொடி போதாது. ஊழியர் பெயரைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் போய்விடும். 2025 ஜூலையில் இணையவழித் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது தரகர்களின் தானியங்கி மென்பொருளைத் தடுக்கத்தான். சரியான நடவடிக்கை. புதிய நடு அடுக்கு, வந்த செய்திகளை வந்த வரிசையிலேயே எடுக்கும், கவுன்ட்டருக்கும் செயலிக்கும் ஒரே வரிசை தரும் என்ற உறுதியும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும்.

எப்படி மாற்றுவது?

உலகத்தில் இரண்டு உதாரணங்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, லாயிட்ஸ் வங்கியின் பழைய அமைப்பில் இருந்து வெளியேறி, 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் தன் வாடிக்கையாளர்கள் அனைவரையும் புதிய அமைப்புக்கு மாற்றியது. கணக்கு விவரங்கள் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் புதிய அமைப்பின் அடுக்குகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் திணறின. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைப் பார்க்கவே முடியவில்லை. நிலைமை முழுதாகச் சீரடைய டிசம்பர் ஆனது. 2022-ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் 4.8 கோடி பவுண்டுக்கு மேல். தரவை மாற்றுவது வேறு, தரவுக்கு நடுவே ஓடும் பேச்சை மாற்றுவது வேறு என்பதை அந்த வங்கி பெரும் விலை கொடுத்துக் காட்டியது.

மறுபக்கம், விமான முன்பதிவு நிறுவனமான அமாடியஸ் தன் மெயின்ஃப்ரேமை விட்டு வெளியே வரப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு பணியாகப் பிரித்தார்கள். பழையதும் புதியதும் அருகருகே ஓடின. உலகெங்கும் பயணிகள் டிக்கெட் எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. மெயின்ஃப்ரேம் கடைசியில் அணைக்கப்பட்டபோது பயணிகளுக்கு அது செய்தி ஆகவே இல்லை.

நம் முன்பதிவு அமைப்புக்கும் இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும். அதற்கு வாய்ப்பும் இருக்கிறது. கணக்குகள் ஏற்கெனவே ஐந்து மையங்களாகவும் ரயில் ரயிலாகவும் பிரிந்து கிடக்கின்றன. நடுவில் ஒரு வழிகாட்டி இருப்பதால், ‘இந்த ரயிலுக்கான செய்தி இனிமேல் புதிய இடத்துக்குப் போகட்டும்’ என்று அதனிடம் மட்டும் சொன்னால் போதும். கவுன்ட்டருக்கும் செயலிக்கும் எதுவும் தெரியவேண்டாம். கூட்டம் குறைந்த ரயில்களை முதலில் மாற்றலாம். சில வாரங்கள் ஒவ்வொரு கோரிக்கையையும் இரண்டு பக்கமும் அனுப்பி, பழையது ‘எஸ்-4, 17 கீழ் பெர்த்’ என்றால் புதியதும் அதையே சொல்கிறதா என்று ஒப்பிடலாம். ஒத்துப்போகாத இடங்களில்தான் பாடம் இருக்கும்.

ஒத்துப்போகாத இடங்கள் நிறையவே இருக்கும். நாற்பதாண்டு விதிகள் அந்த நிரல்களுக்குள் படிந்திருக்கின்றன. பொது ஒதுக்கீடு, இடைநிலையங்களுக்கான ஒதுக்கீடு, பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், ராணுவம், அவசர ஒதுக்கீடு. ஆர்ஏசியில் இருப்பவர் எப்போது பெர்த்துக்கு ஏறுவார், ஒருவர் ரத்து செய்தால் அந்த இடம் யாருக்குப் போகும், கடையநல்லூரில் ஏற வேண்டியவர் போர்டிங்கைச் சங்கரன்கோவிலுக்கு மாற்றினால் என்ன ஆகும். சுற்றறிக்கைகளில் பாதிதான் இருக்கும். மீதி, ஏதோ ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவில் ஒரு பொறியாளர் அவசரமாகச் சேர்த்த நான்கு வரிகளில் இருக்கும். அந்த நான்கு வரிகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர் ஓய்வு பெறுவதற்கு முன், இளம் பொறியாளர் ஒருவரை அவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். புதிய சர்வர் வாங்குவதைவிட இது அவசரம்.

நேரமும் நெருக்கம்தான். இரவு 11.45 முதல் 12.20 வரை முன்பதிவு நிறுத்தப்படுகிறது. அன்றைய கணக்கை முடித்து அடுத்த நாளைத் திறக்கும் அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்குள்தான் எந்த மாற்றத்தையும் செய்தாக வேண்டும், சரிவராவிட்டால் பழையதற்குத் திரும்பியும் ஆக வேண்டும். திரும்பும் வழி இல்லாமல் எந்த இரவிலும் முன்னால் அடி வைக்கக் கூடாது.

டிக்கெட் கிடைக்காதவர் கணக்கு

டிக்கெட் எடுத்தவர்களின் எண்ணிக்கை ரயில்வேயிடம் துல்லியமாக இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் ஏறியவர்களும் கணக்கில் உண்டு. ஆனால் தேதியைப் போட்டுப் பார்த்து, இடமில்லை என்றதும் மூடிவிட்டு ஆம்னி பஸ்ஸுக்குப் போனவர் டிக்கெட் கணக்கில் வரமாட்டார். பொங்கல் முடிந்து சங்கரன்கோவிலில் இருந்து சென்னை திரும்ப, 2024 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள அறுபது நாள் விதிப்படி, நவம்பர் மத்தியிலேயே காலை எட்டு மணிக்கு ஊரே உட்கார்ந்து தேடுகிறது. கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். தேடித் தோற்றவர்கள் எத்தனை பேர்?

புதிய நடு அடுக்கின் வழியாக ஒவ்வொரு கேள்வியும் ஒரு செய்தியாகப் போகப் போகிறது. நிமிடத்துக்கு 40 லட்சம் விசாரணையைத் தாங்கும் அமைப்பு, அவற்றில் எத்தனை சங்கரன்கோவில், ராஜபாளையம், சிவகாசி நிலையங்களைப் பற்றியவை, எத்தனை வெறும் கையோடு திரும்பின என்பதையும் எண்ணி வைக்கலாம். பெயரும் வேண்டாம், தொலைபேசி எண்ணும் வேண்டாம். நிலையம், தேதி, வகுப்பு, கிடைக்கவில்லை என்ற நான்கு விவரம் போதும். அந்தக் கணக்கு மாதாமாதம் மதுரைக் கோட்டத்துக்கும் சென்னையில் உள்ள தெற்கு ரயில்வே தலைமை அலுவலகத்துக்கும் போகட்டும், பொதுமக்கள் பார்வைக்கும் வரட்டும். இந்த வழியாகச் சென்னைக்குச் சில நாட்கள் மட்டும் ஓடும் சிலம்பு எக்ஸ்பிரஸைத் தினசரி ஆக்கக் கோரும்போது பயணிகள் சங்கத்தார் மனுவோடு அந்த எண்களையும் இணைக்கலாம். பதில் சொல்லும் அதிகாரியும் அந்த எண்களை வைத்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.